முந்தைய அளவு

சுபிக்ஷா எட்டாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதத்திலிருந்து இரண்டு பேராக இருந்தாள். ஒருத்தி வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். இன்னொருத்தி எழுந்து போய்விட்டாள். அந்த ஊரில் பிள்ளைகளுக்கு இப்படி ஆவது வழக்கம்தான். பால்பல் விழுவதைப் போல அதற்கும் ஒரு வயது இருந்தது. சிலருக்கு ஆகும், சிலருக்கு ஆகாது.

பையன்கள் இரண்டாகும்போது தெருவுக்கே தெரியும். பெஞ்சு சாயும். எழுந்து போகிறவன் கதவைத் திறக்க மாட்டான், கதவோடு சேர்ந்து போவான். இரண்டு பேரும் ஒரே சட்டைக்குச் சண்டை போட்டு அதைக் கிழிப்பார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் ஆளுக்கொரு கையாகப் பிடித்து இருவரையும் மதிப்பீட்டு அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போவார். சாயங்காலத்துக்குள் சான்றிதழ் கிடைத்துவிடும். கூடவே ஒரு மஞ்சள் துணிப்பை தருவார்கள். அன்றன்றைக்கு வேண்டிய ஒரு மணி நேரம் அதில் கூடுதலாக இருக்கும். பையன் அதை டெஸ்க்கில் இருக்கும் ஆணியில் மாட்டிக்கொள்வான். எழுந்து போகிறவனுக்கு ஜன்னலோரமாக ஒரு ஸ்டூல் போட்டுவைப்பார்கள். எங்கே போனாலும் திரும்பி வந்து அதில் உட்கார்ந்துகொள்ளலாம்.

பெண் பிள்ளைகளில் எழுந்து போகிறவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போவாள். சத்தம் வராமலிருக்கக் கதவைக் கொஞ்சம் தூக்கித் திறப்பாள். உட்கார்ந்திருப்பவள் இரட்டைச் சடையும் ரிப்பனுமாக ஆசிரியரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருப்பாள். தலையாட்டினால் பாடம் புரிந்துவிட்டது என்று ஆசிரியர்கள் எடுத்துக்கொண்டார்கள். யாரும் அவர்களை எங்கேயும் இழுத்துக்கொண்டு போகவில்லை.

சுபிக்ஷாவின் அம்மா செண்பகவல்லி மின்வாரியத்தில் கணக்கீட்டாளர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து, முந்தைய அளவு, இன்றைய அளவு, வித்தியாசம் என்று மூன்று கட்டங்களை நிரப்புவது அவள் வேலை. தெருக்களில் அவளுக்கு ஈ.பி. அக்கா என்று பெயர். பதினெட்டு வருடங்களில் ஒரு நாள்கூட அவள் தாமதமாகப் போனதில்லை. குடையையோ பேனாவையோ எங்கேயும் மறந்து வைத்ததில்லை. பசி என்று பெரிதாக எப்போதும் வந்ததில்லை. மணி பார்த்துச் சாப்பிடுவாள்.

சுற்றுக்குப் போகிற இடங்களில் எழுந்து போனவளை அவள் அடிக்கடிப் பார்த்தாள். ஒரு நாள் வெல்டிங் பட்டறை வாசலில் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு நாள் யாருடைய வீட்டுச் சுற்றுச்சுவர் மேலோ குந்தியிருந்து, அணில் எந்த வழியாக ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, சாப்பிட்டியா?”

“அம்மா, இந்த அணிலு ஏறுற வழியில எறங்க மாட்டேங்குது. காலைலருந்து பாக்கேன்.”

“சோத்து டப்பா எங்க?”

“அது இருக்கு” என்று சொல்லிவிட்டு அவள் சுற்றிலும் பார்த்தாள். டப்பா இல்லை.

சாயங்காலம் நாலே முக்காலுக்கு உட்கார்ந்திருந்தவள் வீட்டுக்கு வருவாள். கால் கழுவுவாள், வீட்டுப்பாடம் எழுதுவாள், அம்மா கேட்பதற்கு முன்னால் தண்ணீர் பிடித்து வைப்பாள். எழுந்து போனவள் ஆறரைக்கு வருவாள். ஒரு செருப்பு இருக்காது. ஏழு தோசை சாப்பிடுவாள். மூன்றாவது தோசைக்கு நடுவில் எழுந்து போய் ரேடியோவின் பின்பக்கத்தைக் கழற்றுவாள். அப்பா சவூதியிலிருந்து வெள்ளிக்கிழமை வீடியோவில் கூப்பிட்டால் உட்கார்ந்திருப்பவளைத்தான் காட்ட முடியும். மற்றவள் படத்துக்குள் நிற்க மாட்டாள்.

இரண்டு பேரில் எவள் தன் மகள் என்ற கேள்வி செண்பகவல்லிக்கு வரவில்லை. இருவரும்தான். ஆனால் சிரிக்கிறவள் ஒருத்திதான்.

நவம்பர் மாதம் தலைமையாசிரியை ஜெபசெல்வி கூப்பிட்டு அனுப்பினார். மேஜை மேல் இருந்த வருகைப் பதிவேட்டை விரித்துக் காட்டினார்.

“டிசம்பர் ஒம்பதுல அரையாண்டுப் பரீட்சை. அன்னைலருந்து ஒரு பேருக்கு ஒரு ஆள்தான். உங்க பிள்ளைக்கு மதிப்பீட்டுச் சான்றிதழ் இல்ல. எட்டாம் தேதி சாயங்காலத்துக்குள்ள கொண்டு வந்தீங்கன்னா ரெண்டு பேரும் இருக்கலாம். இல்லாட்டி பெஞ்சுல இல்லாதவ பேர எடுத்துருவோம்.”

“பேர எடுத்தா அவ எங்க போவா டீச்சர்?”

“எங்கயும் போக வேண்டாம். எங்க இருக்காளோ அங்கயே இருப்பா. வீட்டுக்கு வர்ற வழி அன்னைக்குச் சாயங்காலமே மறந்துரும். வயசும் ஏறாது. அழவெல்லாம் மாட்டாங்க.” ஜெபசெல்வி பதிவேட்டை மூடினார். “நல்ல பிள்ள உங்ககிட்டதான இருக்கப்போகுது. உங்களுக்கு என்ன குறை? உங்க காலத்துலயும் இதெல்லாம் இருந்திருக்குமே.”

“தெரியல டீச்சர். நான் உட்கார்ந்திருந்தேன்” என்றாள் செண்பகவல்லி.

*

மதிப்பீட்டு அலுவலகம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கூட்டுறவுப் பண்டகசாலையின் மாடியில் இருந்தது. செண்பகவல்லி அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு சுபிக்ஷாக்களிடமும் பத்து மணிக்கு வரச் சொன்னாள். பத்து மணிக்கு உட்கார்ந்திருப்பவள் வந்தாள்.

வராந்தாவில் ஒரே ஒரு பெண்தான் அவளுக்கு முன்னால் காத்திருந்தாள். அவளுடைய இரண்டு மகன்களும் ஜன்னல் கம்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

“பொட்டப்பிள்ளையாக்கா? இத எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க? சிலை மாதிரி நிக்குது.”

“இவளுக்கு ஒண்ணும் இல்ல. இன்னொருத்தி வரல.”

“வராதவளுக்கு எப்படிக்கா சீட்டு குடுப்பாங்க? என் வீட்டுது ரெண்டும் வந்திருக்கு. வேணும்னா ஒண்ண நீங்க வச்சுக்கிடுங்களேன், புண்ணியமாப் போகும்” என்று சொல்லி அவள் சிரித்தாள். ஜன்னல் கம்பி கையோடு வந்துவிட்டது. உள்ளேயிருந்து உடனே அவளைக் கூப்பிட்டார்கள். பத்து நிமிடத்தில் சான்றிதழும் மஞ்சள் பையுமாக வெளியே வந்தாள்.

மதிப்பீட்டு அலுவலர் ஞானதுரை பொறுமையான மனிதர். சட்டைப்பையில் மூட்டுவலித் தைலம் வைத்திருந்தார். படிவத்தைக் கையில் வாங்கி முதல் கேள்வியிலேயே நின்றார்.

“எழுந்து போகும்போது உடைந்த பொருள்கள்னு கேட்டிருக்கு. ஒண்ணுமே எழுதலயே.”

“ஒண்ணும் உடையல சார்.”

“ஜன்னல்? பெஞ்சு?”

“இல்ல சார்.”

“ஒரு ஸ்கேல் உடைஞ்சிருந்தாக்கூடப் போதும்மா. நான் எழுதிருவேன்.” நிஜமாகவே வருத்தப்பட்டார். “சரி, பாசி கோர்க்கச் சொல்லிப் பாப்போம்.”

பிஸ்கட் டப்பா ஒன்றை உட்கார்ந்திருப்பவளின் முன்னால் வைத்தார். அதில் பச்சைக் கண்ணாடிப் பாசிகளும் ஒரு நூலும் இருந்தன. வெளியே லாரி ஹாரன் அடித்தது, மாடிப்படியில் யாரோ மீன்கூடையை வைத்துவிட்டுச் சண்டை போட்டார்கள். உட்கார்ந்திருப்பவள் நிமிரவில்லை. டப்பா காலியாகும்வரை கோர்த்து, முடிச்சுப் போட்டு, நூலைச் சுருட்டி வைத்தாள்.

ஞானதுரை எண்ணினார். சீட்டில் எழுதி, கிழித்துக் கொடுத்தார். முந்தைய அளவு 38. இன்றைய அளவு 38. வித்தியாசம் 0. குறைபாடு இல்லை.

“டப்பா மேல நாப்பதுன்னு எழுதியிருக்கே சார்.”

“ரெண்டு எனக்கு முன்னாலயே காணாமப் போச்சு. இருப்புல இடிச்சுக்கிட்டே இருக்கு. முப்பத்தெட்டு வந்தாலே முழுசுதான்.”

“முந்தைய அளவுங்கிறது யாரோடது சார்? இவ இன்னைக்குத்தான வந்திருக்கா.”

“இவளுக்கு முன்னால வந்த பிள்ளையோடது.”

“சார், இவ கோர்ப்பா. கோர்க்காதவ இன்னொருத்தி. அவளத்தான் பாக்கணும்.”

“கூட்டிட்டு வாங்க. வந்தவங்களத்தான நான் மதிப்பிட முடியும்?”

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த வாரம் செண்பகவல்லி எழுந்து போகிறவளின் கையைப் பிடித்துக்கொண்டே போனாள். பஸ்ஸிலும் விடவில்லை. பண்டகசாலையின் படிக்கட்டு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள் அவள். படிக்கட்டுக்கு எதிரே ஒருவர் மொபெட்டில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். கண்ணாடியில் வானமும் கரண்டுக் கம்பிகளும் நகர்ந்தன. செண்பகவல்லி படியேறி மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோது அவள் பிடித்திருந்தது உட்கார்ந்திருப்பவளின் கையை. எந்தப் படியில் மாறியது என்று தெரியவில்லை.

“அவ கண்ணாடி பின்னால போயிட்டாம்மா. உனக்குக் கை வெறுங்கையா இருக்குமேன்னு நான் வந்தேன்” என்றாள் உட்கார்ந்திருப்பவள்.

முந்தைய அளவு 38. இன்றைய அளவு 38.

மூன்றாவது தடவை, டிசம்பர் நாலாம் தேதி, ஞானதுரை அலுவலகம் மூடும் நேரம் வரை காத்திருக்கச் சம்மதித்தார். எழுந்து போகிறவளிடம் செண்பகவல்லி பகலிலேயே சொல்லியிருந்தாள். அவளும் கட்டாயம் வருவதாகச் சொல்லியிருந்தாள். சொன்னபோது அவள் கண் ஓர் எறும்பு வரிசையில் இருந்தது. ஐந்து மணிக்கு அவர் தொட்டிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். உட்கார்ந்திருப்பவள் பாசியைக் கோர்த்து முடித்து, அறுந்து கிடந்த பழைய நூல்களைப் பிரித்து முடித்து, ஞானதுரையின் சட்டையில் தொங்கிய பொத்தானையும் தைத்துக் கொடுத்திருந்தாள்.

“தங்கமான பிள்ளம்மா” என்று சொல்லி அவர் சீட்டை நீட்டினார்.

செண்பகவல்லி மூன்று சீட்டுகளையும் மேஜையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். பிறகு அவருடைய பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் தாராளமாக அவள் பக்கம் திருப்பி வைத்தார். பெண் பிள்ளைகளுக்கு ஒரு தனிப் பதிவேடு. அதில் நிறையப் பக்கங்கள் இல்லை. ஆனால் பழையது. முதல் பக்கத்தை ஒட்டிவைத்திருந்தார்கள். இரண்டாம் பக்கத்திலிருந்து எல்லா வரிகளிலும் முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு, வித்தியாசம் பூஜ்யம் என்றுதான் இருந்தது.

“சார், இது பூட்டின வீடு.”

“எது?”

“எங்க ஆபீஸ்ல வித்தியாசம் பூஜ்யம்னு வந்தா வீடு பூட்டிக் கிடக்குன்னு அர்த்தம். ஆள் இருந்தா மீட்டர் ஓடாம இருக்காது. ஒரு பல்பாவது எரியும்.”

“எங்க ஆபீஸ்ல பூஜ்யம் வந்தா நல்ல பிள்ளைன்னு அர்த்தம்” என்றார் ஞானதுரை.

உட்கார்ந்திருப்பவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டினாள்.

“மூணு தடவ தொடர்ந்து பூஜ்யம் வந்தா நாங்க ஒரு நோட்டீஸ் எழுதணும் சார். அப்புறம் அதிகாரி நேர்ல வந்து பாக்கணும். அது விதி.”

“அப்படி ஒரு படிவம் எங்கள்ட்ட இல்லயேம்மா.”

செண்பகவல்லி தன் தோள்பையிலிருந்து வாரியத்தின் படிவம் ஒன்றை எடுத்தாள். மின் இணைப்பு எண் என்ற இடத்தில் சுபிக்ஷாவின் பள்ளிச் சேர்க்கை எண்ணை எழுதினாள். காரணம் என்ற இடத்தில், தொடர்ந்து மூன்று முறை நுகர்வு பூஜ்யம், வீட்டில் ஆள் இல்லை, நேரடி ஆய்வு தேவை என்று எழுதினாள். ஞானதுரை இரண்டு முறை படித்தார். கையில் ஒரு தாள் வந்துவிட்டதில் அவருக்கு நிம்மதி தெரிந்தது. முத்திரை குத்தி, வரவுத் தபாலில் பதிந்தார்.

“எத்தன மணிக்கு வந்தா ஆள் இருக்கும்?”

“வீட்டுல இருக்காது சார். சாயங்காலம் நாலு மணி போல தண்ணித்தொட்டி மேல இருக்கும்.”

“மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி” என்று அவர் எழுதிக்கொண்டார். “எட்டாம் தேதிதான் எனக்கு ஒழியும்.”

*

எட்டாம் தேதி மூன்றரைக்கே ஞானதுரை வந்துவிட்டார். பிஸ்கட் டப்பா, பதிவேடு, முத்திரைப் பெட்டி எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்து மொபெட்டில் கொண்டுவந்திருந்தார். தொட்டி பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் இருந்தது. ஆறு தூண்கள். நடுத்தூணை ஒட்டி இரும்பு ஏணி. அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு முழங்காலைத் தடவினார்.

“என்னால ஏற முடியாதும்மா. நீங்க போய் இறக்கிட்டு வாங்க. நான் இங்க உக்காந்திருக்கேன்.”

மோட்டார் அறையின் சிமெண்டு மேடையில் அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்திருப்பவள் அவருக்குப் பக்கத்தில் கூடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். செண்பகவல்லி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். மீட்டர் எங்கெங்கோ உயரத்தில் இருக்கும். ஏறுவது அவளுக்குப் பழக்கம்தான்.

தொட்டியைச் சுற்றி இரண்டு ஆள் அகலத்துக்கு ஒரு நடைமேடை இருந்தது. அதில் கம்பிகளுக்கு நடுவே காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிறையப் பெண் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். இந்த வருடத்துச் சுடிதாரும் கோட்டும் போட்டவர்கள் இருந்தார்கள். பழைய நீலப் பாவாடை போட்டவர்கள் இருந்தார்கள். பச்சைத் தாவணி சீருடையாக இருந்த காலத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒருத்தி மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி கைப்பிடிக் கம்பியின் துருவை நகத்தால் சுரண்டி ஒரு குதிரை செய்திருந்தாள். யாரும் திரும்பவில்லை. சத்தம் எதுவும் இல்லை. எல்லோருடைய செருப்புகளும் ஓரமாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. பாதிக்கு ஜோடி இல்லை.

சுபிக்ஷா கிழக்குப் பக்கமாக இருந்தாள்.

“அம்மா, இங்க உக்காந்தா நீ ரீடிங் எடுக்கிற தெரு பூராவும் தெரியும். நீ நேத்து பன்னெண்டாம் நம்பர் வீட்ட விட்டுட்ட.”

“அது பூட்டுடீ.”

“முன்னாலதான் பூட்டு. பின்பக்கம் ஆள் இருக்காங்க. கொடில துணி காயுது பாரு.”

செண்பகவல்லி பார்த்தாள். பன்னிரண்டாம் எண் வீட்டின் பின்பக்கம் கொடியில் நாலு துணி காய்ந்தது. ஒருத்தி உட்கார்ந்து ஏதோ அரிந்துகொண்டிருந்தாள். அந்த வீட்டுக்கு நாலு மாதமாக அவள் பூட்டு என்று எழுதி, முந்தைய அளவையே போட்டு வந்திருந்தாள்.

“இறங்கு. கீழ சார் வந்திருக்காரு. பாசி கோர்க்கணும்.”

“கோர்க்க முடியாதும்மா. கொஞ்ச நேரத்துல எந்திரிச்சுருவேன்.”

“எந்திரிக்கிற வரைக்கும் கோரு. அதுதான் வேணும்.”

சுபிக்ஷா எழுந்தாள். பக்கத்தில் இருந்த பச்சைத் தாவணிக்காரியின் தோளைத் தட்டினாள். “இவளையும் கூட்டிட்டுப் போவோம்மா. இவளுக்கும் பாசி தெரியும். இவ பேரும் செண்பகவல்லிதான்.”

பச்சைத் தாவணிக்காரிக்குப் பதிமூன்று வயது இருக்கும். ஒரு சடை அவிழ்ந்து கிடந்தது. வலது கையை இறுக மூடியிருந்தாள். அவள் செண்பகவல்லியை மேலும் கீழும் பார்த்தாள்.

“வந்துட்டியா?” என்றாள். “சீக்கிரம் திரும்பிருவேன்னுதான் நெனச்சேன். கோர்த்துக்கிட்டே இருந்தேன், ரெண்டுதான் மிச்சம். அப்ப அந்தப் பக்கம் ரயில் போச்சு.”

“எந்த ரயில்?”

“கூட்ஸு. நாப்பத்தொரு பெட்டி. எண்ணணும்ல?”

“எண்ணணும்” என்றாள் செண்பகவல்லி. ஒரு சீப்பைக் கொண்டு வந்திருக்கலாம் என்று நினைத்தாள். இல்லாததால் விரலாலேயே கோதி அவிழ்ந்த சடையைப் பின்னினாள். தலைமுடி வெயிலில் காய்ந்து சூடாக இருந்தது. “பசிக்குதா?”

“ரொம்ப” என்றாள் சிறுமி.

மூன்று பேரும் இறங்கினார்கள். ஏணியின் நடுவே சுபிக்ஷா இரண்டு முறை நின்றாள். ஒருமுறை தேன்கூடு, ஒருமுறை ஒன்றுமில்லை.

ஞானதுரை சிமெண்டு மேடையில் டப்பாவைத் திறந்து வைத்தார். சுபிக்ஷா உட்கார்ந்து நூலை எடுத்தாள். ஒன்று கோர்த்தாள். அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அதன் வழியாக ஞானதுரையைப் பார்த்தாள். நாலு கோர்த்தாள். இந்த மொபெட்டுக்குப் பின்சக்கரத்தில் காற்று கம்மி என்றாள். பதினொன்றாவது பாசியைக் கோர்த்தபோது மோட்டார் அறைக்குள்ளே ஏதோ உறுமத் தொடங்கியது. நூலைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டாள். கதவு கிறீச்சிடவில்லை.

ஞானதுரை பாசியை மூன்று தடவை எண்ணினார். முந்தைய அளவு 38. இன்றைய அளவு 11. வித்தியாசம் 27. எழுதிவிட்டு அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தார். பதிவேட்டின் அந்தக் கட்டத்தில் அப்படி ஒரு எண்ணை அவர் எழுதியதில்லை.

“ஓடுதும்மா” என்றார். “மீட்டர் ஓடுது.”

“ஓடும் சார். ஆள் இருக்குல்ல?”

சான்றிதழில் முத்திரை விழுந்தது. அப்போது பச்சைத் தாவணிக்காரி முன்னால் வந்து மூடிய கையை நீட்டி விரித்தாள். உள்ளங்கையில் இரண்டு பச்சைப் பாசிகள் இருந்தன.

“திருப்பிக் குடுக்கணும்னுதான் இருந்தேன். நான் எடுத்துட்டுப் போகல. எந்திரிக்கிறப்ப கையில இருந்துச்சு.”

ஞானதுரை அவற்றை டப்பாவில் போட்டார். மறுபடி எண்ணினார். நாற்பது. அவருடைய முகம் தெளிந்தது.

“இருப்பு சரியாயிருச்சு. உன் பேரு?”

“செண்பகவல்லி. எட்டாம் வகுப்பு ஆ பிரிவு. கணக்கு டீச்சர் கூட்டிட்டு வந்தாங்க. இவளுக்குக் கூட்டல் கணக்குகூட ஒழுங்கா வராது, மனசு வேற எங்கயோ இருக்கு, பாருங்கன்னு சொன்னாங்க. அப்புறம் அவங்களுக்கு மாற்றல் வந்துருச்சு.”

பதிவேட்டின் ஒட்டியிருந்த முதல் பக்கத்தை அவர் நகத்தால் மெல்லப் பிரித்தார். முதல் வரியில் அந்தப் பெயர் இருந்தது. முந்தைய அளவு என்ற இடத்தில் ஒரு கோடு. இன்றைய அளவு 38. முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய தேதி. அந்த வரியைத்தான் மற்ற எல்லா வரிகளும் பார்த்து எழுதியிருந்தன.

“அப்படின்னா முப்பத்தெட்டுங்கிறது முழுசு இல்ல” என்றார் அவர். “நீ எழுந்து போன இடம்.”

“ஆமா சார்.”

“யாருமே முழுசாக் கோர்க்கல.” அவர் கணக்குப் போட்டார். “அப்போ எல்லாப் பிள்ளைகளையும் மறுபடி பாக்கணும்.” எழுந்து நின்று, தொட்டியைப் பார்த்துக் கையைக் குவித்துக் கத்தினார். “ஏ பிள்ளைகளா, ஒவ்வொருத்தரா வரிசையா இறங்கி வாங்க!”

ஒருத்தியும் வரிசையில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஏணியில் ஒரு நீலப் பாவாடை தெரிந்தது. பாதியில் தேன்கூட்டைப் பார்த்து நின்றது. ஞானதுரை பச்சைத் தாவணிக்காரிக்கும் ஒரு சான்றிதழ் எழுதி முத்திரை குத்திவிட்டு, கூடையிலிருந்து புது நூல் எடுத்து அளந்து வெட்டத் தொடங்கினார். உட்கார்ந்திருப்பவள் கேட்காமலேயே ஒவ்வொரு நூலுக்கும் ஒரு முனையில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.

செண்பகவல்லி ஐந்து மணி அடிப்பதற்கு நாலு நிமிடம் இருக்கும்போது சான்றிதழ்களைத் தலைமையாசிரியையின் மேஜையில் வைத்தாள். ஜெபசெல்வி படித்துப் பார்த்தார்.

“சுபிக்ஷா சரி. இந்த இன்னொண்ணு யாரு? பெற்றோர் கையெழுத்து நீங்களே போட்டிருக்கீங்க.”

“ஆமா டீச்சர். நான்தான்.”

“ஜன்னல் ஓரத்துல ஒரு ஸ்டூலுக்குத்தான் எடம் இருக்கு.”

“ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உக்கார மாட்டாங்க” என்றாள் செண்பகவல்லி. ஜெபசெல்வி அதை ஏற்றுக்கொண்டார்.

அன்று வீட்டில் தோசை ஊற்றினாள். உட்கார்ந்திருப்பவள் தட்டுகளை எடுத்து வைத்தாள். எழுந்து போனவர்கள் இரண்டு பேரும் ரேடியோவைப் பிரித்துப் போட்டு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சிறுமி எட்டு சாப்பிட்டாள். கல்லில் கடைசி தோசை வேகும்போது செண்பகவல்லிக்கு வயிற்றில் ஏதோ செய்தது. உடம்புக்கு ஆகவில்லையோ என்று முதலில் நினைத்தாள். பிறகு அது பசி என்று தெரிந்தது. நின்றுகொண்டே நாலு தோசை சாப்பிட்டுவிட்டு மறுபடி மாவைக் கரைத்தாள். சட்னி காலியாகியிருந்தது.

மறுநாள் காலையில் ஞானதுரை போன் செய்தார். சுபிக்ஷாவின் மஞ்சள் பை தயாராக இருக்கிறது, பரீட்சைக்குப் போகிற வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

“இன்னொரு விஷயம்மா. பெரிய பிள்ளையோடதும் இருக்கு. அப்பவே ஒதுக்கியாச்சு போல. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்னு முப்பத்தொரு வருஷத்துது கீழ பண்டகசாலை கோடவுன்ல கட்டிக் கெடக்கு. அரிசி மூட்டைக்கு எடம் இல்லன்னு அவங்க சத்தம் போடுறாங்க. இன்னைக்கே எடுத்துருங்க.”

“ஆட்டோல வச்சுறலாமா சார்?”

“பாத்தேன். குட்டியானை வண்டிகூடப் பத்தாது. லாரி சொல்லிருங்க.”

செண்பகவல்லி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் கொஞ்சம் போகும். பரண் காலியாக இருந்தது. மீதியை மாடியில்தான் அடுக்கவேண்டும். அவள் லாரிக்காரருக்குப் போன் செய்தாள்.

“லோடு என்னக்கா?”

“மணி நேரம்.”

“ஒடையிற சாமானா?”

“இல்ல. ஒண்ணும் உடையாது.”

“தார்ப்பாய் போடணுமா?”

அவள் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தாள். கிழக்கே கருத்திருந்தது.

“போட்டுக்கிடுங்க” என்றாள்.